எனிட் நிறுத்திய இடம்

எங்கள் கூட்டத்தில் கொலைப் பாட்டென்றால் எல்லோருக்கும் கொள்ளை ஆசை. ஞாயிறு மதியம் துறைமுகத்தை ஒட்டிய பப்பின் பின்னறையில் இருபது பேர் கூடுவோம். வாத்தியம் கிடையாது, மேடை கிடையாது. முறை வந்தவர் இருந்த இடத்திலேயே எழுந்து பாடுவார், பல்லவிக்கு மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். நம்பி வந்த பெண்ணை உழவன் மகன் ஒருவன் அடித்துக் கொன்று புதைக்கிற பாட்டு ஒன்று உண்டு. யார்க்‌ஷயர் கடற்கரையில் எத்தனையோ தலைமுறையாகப் பாடுகிறோம். அதன் பல்லவிக்கு மேசையைத் தட்டுவோம். செத்தவளுக்கு அதில் ஒரு பெயர்கூட இல்லை என்பது எனிட் மார்ஃபிலீட் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

எனிட் மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் முப்பத்தொரு வருஷம் மீன் கீறியவள். விரலெல்லாம் தழும்பு. பேச்சிலும் தயவு தாட்சண்யம் கிடையாது. புருஷன் கடலோடு போய்விட்டான். ஒரே மகள் லோர்னா, தொண்ணூற்றெட்டு நவம்பரில் காணாமல் போனாள். யாரோடோ ஸ்பெயினுக்கு ஓடிவிட்டாள் என்றான் அவள் புருஷன் கிளைவ். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் தெரியாத பெண், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டா ஸ்பெயினுக்குப் போனாள்? போலீஸ் வந்து கிளைவ் வீட்டுத் தோட்டத்தைத் தோண்டியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தக் கிளைவ் எங்கள் கூட்டத்து ஆள், நல்ல குரல். பாவம், பெண்டாட்டி விட்டுப் போனவன் என்று நாங்கள்தான் அவனுக்கு பியர் வாங்கிக் கொடுத்தோம்.

ஆறு வருஷம் கழித்து, நான் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடைக்கு எனிட் வந்தாள். கூட்டத்தில் முறை வைப்பது நான்தான். தனக்கும் ஒரு முறை வேண்டும், அந்தக் கொலைப் பாட்டையே மாற்றி எழுதியிருக்கிறேன் என்றாள். பழைய பாட்டில் கை வைத்தால் எங்களில் பாதிப் பேருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதுவும் கிளைவ் இருக்கிற அறையில். எதற்கு வம்பு என்று இழுத்தேன்.

"அவன் ஜெயிலுக்குப் போறானோ நாசமாப் போறானோ, எனக்கு அது வேணாம் டெரிக்," என்றாள். "எங்க போட்டான்னு தெரிஞ்சா போதும். எம்புள்ளைய எடுத்து ஒழுங்கா அடக்கம் பண்ணணும். எனக்கு ஈரல்ல கட்டி, கண்ணு. ரொம்ப நாளு இல்ல."

சரி என்றேன். வரும் ஞாயிறு முறையில் அவள் பெயரை எழுதிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு கிளைவ் கணப்புக்குப் பக்கத்தில், வழக்கமான நாற்காலியில் இருந்தான். எனிட் எழுந்தாள். மெட்டு அதே மெட்டு, பல்லவி அதே பல்லவி. ஆனால் உழவன் மகன் இல்லை, கிளைவைப் போல வெள்ளை வேன் ஓட்டுகிறவன். பெண்ணுக்குப் பெயர் இருந்தது, லோர்னா. முதல் பல்லவிக்குப் பழக்கதோஷத்தில் எல்லோரும் கத்தினோம். அடுத்ததற்குப் பாதிப் பேர். மூன்றாவதற்கு எனிட் தனியாகத்தான் பாடினாள். கடைசி அடியில் அவன் அவளைக் கம்பளத்தில் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போகிறான். எங்கே கொண்டுபோய்ப் புதைத்தான் என்ற வரி வரவேண்டும். எனிட் அங்கே நிறுத்திவிட்டாள்.

எங்களிடம் ஒரு வழக்கம். பாடுகிறவருக்கு வரி மறந்தால் யாராவது மெல்ல எடுத்துக் கொடுப்போம், அவர் கூனிக்குறுகி நிற்கக் கூடாதென்று. பெரும்பாலும் அது நான்தான். எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், அதில் கர்வம் வேறு.

எனிட் கிளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. கிளாஸைக் கீழே வைத்தான். உதடு அசைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய் திறக்கப் போனான். அதற்குள் என் பாழும் வாய், முப்பது வருஷப் பழக்கம், பழைய பாட்டின் வரியை எடுத்துக் கொடுத்தது. ஆற்றோரப் பள்ளத்தில், மரத்தடியில்.

அறை மொத்தமும் மூச்சு விட்டது. யாரோ மேசையைத் தட்ட, பிழைத்தோம் என்று எல்லோரும் பல்லவிக்குப் பாய்ந்தார்கள். கிளைவும் பாடினான், நன்றாகத் தொண்டையைத் திறந்து.

எனிட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் போய்ப் பிடித்தேன். மறந்துவிட்டாய் என்று நினைத்தேன் என்றேன்.

"நான் மறப்பேனாடா?" என்றாள்.

மறுநாள் நானே போலீஸில் போய்ச் சொன்னேன். அவன் என்ன சொன்னான் என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் நான் சொல்லிவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். அடுத்த மாதம் கிளைவ் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான்.

எனிட் பிப்ரவரியில் செத்தாள். கல்லறையில் இரண்டு பேருக்கு இடம் வாங்கி வைத்திருந்தாள். ஒருத்தியைத்தான் இறக்கினோம்.