பிரான்ஸ் மணியில் ஒரு வீடு

மகள் கைபேசியில் ஜப்பான் கார்ட்டூன் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். கார்ட்டூன் என்றால் பூனை எலியைத் துரத்தும், நாம் சிரிப்போம் என்று வளர்ந்தவன் நான். பதறிப்போய் அருகில் உட்கார்ந்தேன். ஒரு பையன், ஒரு பெண், காதல். பெண் எங்கோ தூரதேசம் போய்விடுகிறாள். அப்புறம் வெகுநேரம் மழை மட்டும் பெய்கிறது. பூட்டிய அறைக்குள்ளும் தலைமுடி பறக்கிறது.

“ஒரு போன் போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கும்மா இத்தனை மழை?” என்றேன்.

“உங்களுக்கு தூரம்னா என்னன்னே தெரியாதுப்பா. எந்திரிச்சுப் போங்க.”

எழுந்து போனேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், எனக்கா தூரம் தெரியாது? நான் காதலித்த பெண் இரண்டு தெரு தள்ளி, மூன்றரை மணி நேரத்துக்கு அப்பால் குடியிருந்தாள்.

அப்போது காரைக்காலில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். வேலை என்றால், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஊரார் பிரான்சிடமும் துபாயிடமும் கத்துவதைக் கேட்டும் கேட்காதவன்போல் உட்கார்ந்திருப்பது. கூண்டுக்குள் எப்போதும் அத்தர் வாசனை. இன்றைக்கும் யாராவது அத்தர் பூசிக்கொண்டு பக்கத்தில் வந்தால் எனக்கு மாலதி ஞாபகம்தான். வருபவர் பெரும்பாலும் தாடி வைத்த பெரியவர் என்பதால் வெளியே சொல்வதில்லை.

பிரான்சில் இருந்த அண்ணனோடு பேச மாலதி வருவாள். அவள் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஊர் திரும்பியவர் கூடவே ஒரு சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தார். அதைக் கடைசிவரை இந்திய நேரத்துக்குத் திருப்பவில்லை. தெருவே சாயங்கால டீ குடிக்கும்போது அந்த வீட்டில் மதியச் சாம்பார் தாளிப்பார்கள்.

அண்ணன் அவளையும் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொள்ளப் போவதாகப் பேச்சு கிளம்பியது. நானாகப் போய்ப் பெண் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவள் மனம் தெரிந்தால் கேட்டுவிடலாம் என்றிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அவள் தணிந்த குரலில் சொன்னாள்: “ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு கடற்கரைக்கு வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

பத்து மணிக்குப் போய் உச்சிவெயில்வரை நின்றேன். அவள் வரவில்லை. நான் போன பிறகு, ஒன்றரைக்கு, அதாவது அவள் வீட்டுப் பத்து மணிக்கு, வந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறும் பத்து மணி என்று பேச்சு. புத்தி வந்தவனாக ஒன்றரைக்குப் போனேன். மணல் காலைப் பொசுக்கியது. படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த கருக்களாச்சேரி மீனவர் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அந்தப் பொண்ணு காலையிலயே வந்து நின்னுட்டுப் போயிடுச்சு தம்பி. ஆளுக்கொரு நேரம் வந்தா எப்படி?” அவளுக்கும் புத்தி வந்திருந்தது.

பூத் முதலாளியை ஊரே ‘நானா’ என்றுதான் கூப்பிடும். அவர் பஞ்சாயத்துக்கு வந்தார். “மொதல்ல ரெண்டு பேரும் எந்த நாட்டு மணின்னு முடிவு பண்ணுங்க தம்பி. காதலை அப்புறம் பண்ணிக்கலாம்.” பிரான்ஸ் மணி என்று முடிவாயிற்று.

மூன்றாவது ஞாயிறு, கச்சிதமாக ஒன்றரைக்கு நின்றேன். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, இதற்கு மேல் நின்றால் கௌரவம் என்ன ஆவது என்று கிளம்பிவிட்டேன். அந்த வயதில் என்னிடம் கௌரவம் நிறைய இருந்தது, வேறு எதுவும் இல்லை.

பிரான்சில் குளிர்காலத்துக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்களாம். அன்று காலைதான் சொல்தா ஸ்டூலில் ஏறி, கொடியிறக்கும் மரியாதையோடு முள்ளைத் திருப்பியிருக்கிறார். மாலதி இரண்டரைக்கு வந்து யாருமில்லாத கடலைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த வாரமே விமானம் ஏறிவிட்டாள்.

பூத் இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். முதலாளி நானாவும் இல்லை. சொல்தா வீட்டை விற்றுவிட்டுப் போகத்தான் போன வருஷம் மாலதி வந்தாள். திருநள்ளாற்றில், கோயில் வாசலில் அவள் கணவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில், சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், அன்றைக்கு என்ன சொல்ல இருந்தாள் என்று.

நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தாள்.

“ரொம்ப முக்கியமான விஷயம்னு மட்டும் ஞாபகம் இருக்குங்க. என்னன்னுதான் தெரியல.”