கடைசியாகப் பொத்தானை அழுத்தியவள்

“உன் பேத்தியை வேலைய விட்டுத் துரத்திட்டாங்களாமே?” என்று மாடிவீட்டுக்காரி படிக்கட்டில் நின்று நாலு பேர் காதில் விழக் கேட்டாள்.

“அவளா விட்டுட்டு வந்தா. தெரியாததைப் பேசி வாயைக் கெடுத்துக்காதே” என்றேன். அவளுக்கு அவ்வளவு போதும். மீதியை இங்கே சொல்கிறேன்.

என் பேத்தி, இருநூறு வக்கீல்கள் இருக்கிற பெரிய கம்பெனியில் ஜூனியர். கறுப்புக் கோட்டு அலமாரியிலேயே தொங்கும். இரண்டு வருஷத்தில் ஒரு தரமாவது கோர்ட்டுப் படி ஏறியிருப்பாளா, சந்தேகம்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் படித்து, அதில் வில்லங்கம் தேடுவதுதான் வேலை.

என் வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அப்போதெல்லாம் ஜூனியர்கள் படித்த தாளின் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துக் கிறுக்குவார்களாம். யாருடைய உழைப்பு என்று சீனியருக்குத் தெரிந்துவிடும். இப்போது யார் கடைசியாகப் பொத்தானை அழுத்தி அனுப்புகிறார்களோ அவர்கள் பேர்தான் ஏறும்.

பக்கத்து மேசைப் பெண்ணும் இவளும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். அந்தப் பெண் முந்நூறு பக்கம் படித்துப் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்த அன்று, அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். “நீயே அனுப்பிடுடி” என்று ஓடிவிட்டாள். இவள் அனுப்பினாள். சீனியர் இவளைப் பாராட்டினார். படித்தது அவள் என்று இவள் சொல்லவில்லை.

அடுத்த வாரமே, படிக்கிற வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், இரண்டு பேருக்கு ஒருத்தி போதும் என்று, ஓட்டையைக் கண்டுபிடித்தவள் இவள்தான் என நினைத்து இவளை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பேத்தி சோற்றைத் தொடவில்லை. “போய் உண்மையச் சொல்லிடட்டுமா, பாட்டி?” என்று அழுதாள்.

“நீ என்ன திருடினியா? மெஷின்தானே உன் பேரைப் போட்டுது? பேசாம சாப்பிடு” என்று சொன்னவள் நான்தான். படிக்கட்டில் நின்று ‘என் பேத்தி வக்கீல்’ என்கிற என் பவுசு போய்விடுமே என்ற பயம்.

பதினோரு நாள் உண்மையைச் சொல்லாமலே வேலைக்குப் போய்வந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண் போன் செய்தாள்.

“நீயாவது தப்பிச்சியேடி, அதுவே எனக்குச் சந்தோஷம்.”

போனை வைத்த பேத்தி நேரே செருப்பை மாட்டினாள்.

“எங்கடி போறே?”

“சீனியர்கிட்ட. நடந்ததைச் சொல்லி, வேலையும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வரேன்.”

வாசலை மறித்து நின்றேன்.

“உன்மேல கோபம் இல்ல பாட்டி. நீ ‘பேசாம சாப்பிடு’ன்னு சொல்லணும்னுதான் அன்னிக்கு உன்கிட்ட கேட்டேன்.”

அப்போதும் நான் நகரவில்லை. அவள்தான் என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டுப் போனாள்.