பூக்காத செண்பகம்

செண்பக மரம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மீன் கழுவிய தண்ணீரின் வாடைதான்; பூவாசம் அப்புறம். மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம், சின்னம்மா, அதாவது என் சித்தப்பாவின் மனைவி, அந்தத் தண்ணீரையும் அரிசி களைந்த நீரையும் தினமும் மரத்தடியில்தான் ஊற்றுவார். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டு "பீபி" கொடுத்த கன்றை நட்டு, வெயில் சுடாமல் வாழைமட்டை கட்டி, எறும்பு ஏறாமல் சாம்பல் தூவி அவர் வளர்த்த மரம் அது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குக் கூரையைத் தாண்டிப் போனதே தவிர, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. சின்னம்மாவுக்கும் குழந்தை இல்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம், மரத்தை வெட்டிவிட்டு ஓர் அறை கட்டலாம் என்றும், சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்றும் வீட்டில் பேச்சு அடிபட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள் நம் பெரியவர்கள்! சின்னம்மா எப்போதும்போல மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பீபி மலாக்கா செட்டிக் குடும்பத்து அம்மாள்; வயதில் மூத்த பெண்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். பூக்காத மரத்தை மிரட்டும் வழக்கம் இரண்டு வீட்டுக்கும் பொது: ஒருவர் கத்தியை ஓங்க வேண்டும், இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை பீபி பாராங் கத்தியோடு வந்து, அதன் முதுகால் மரத்தில் ஒரு போடு போட்டு, "போத்தோங் சாஜா!" என்று, வெட்டிவிட வேண்டியதுதான் என்று அதட்டினார். "விட்டுடுங்க, வர்ற வருஷம் பூக்கும்" என்று சின்னம்மா பதில் சொல்ல வேண்டும். அம்மா முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்.

சின்னம்மா மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"பூக்காட்டி என்னங்க? நல்லாத்தானே நிக்குது. நிக்கட்டும்!"

அப்பா எதிரில் குரல் உயர்த்தியே அறியாதவர் அவர். பீபி ஓங்கிய கையை இறக்கினார். அப்பா அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "ரெண்டு பேச்சும் இன்னியோட முடிஞ்சுது" என்றார்.

பிறகொரு வருஷம் மரம் பூத்தது. விடியற்காலையில் வாசம் எங்களை எழுப்ப, பாயைக்கூடச் சுருட்டாமல் ஓடிப்போய், இலைகளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக விரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பறிக்க ஒருவருக்கும் கை எழவில்லை. தன் கத்திதான் காரணம் என்று பீபி கடைசிவரை பெருமையடித்துக்கொண்டார். சின்னம்மாவுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை.

இன்று அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மரமும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. அவருக்குப் பின் எங்கள் குடும்பத்துக்கு வந்த மருமகள்களில் இருவருக்குக் குழந்தை இல்லை. "ஏதும் விசேஷமா?" என்று எங்கள் வீட்டில் அவர்களை ஒருவரும் கேட்டதில்லை.