அக்காவுக்குச் சுடாத கால்

ஜெயந்தி அக்கா, நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "ஊருக்கெல்லாம் எங்காலப் பத்தித்தான் சொல்லணுமாடா?" என்று திட்டியிருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன்.

போன வருடம், இலங்கையில் நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்தது இது. நான் அதிகம் படிக்காதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அதற்கு முன்பே வலது கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. கொழுந்துக் கூடையோடு மலை இறங்கும்போது தடுமாறுவாள். தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துக்குக் கேட்கவில்லை. வேலை வாங்கும் கங்காணி எல்லோர் முன்னாலும், "வேலைக்கு வர இஷ்டமில்லாட்டிச் சொல்லு புள்ள, அந்தக் காலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார். கால் சரியாக வேண்டும் என்று அக்கா தீ மிதிக்க நேர்ந்துகொண்டாள்.

நெருப்பில் வலது காலை வைத்தபோதெல்லாம் அவள் முகம் சுருங்கியது. இடது காலை வைத்தபோது ஒன்றுமே இல்லை. வெளியே வந்து பார்த்தால் இடது பாதம்தான் கொப்பளித்துக் கிடந்தது. "இந்தக் காலு சுடவே இல்லம்மா" என்றாள். அம்மன் அருள் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனமெல்லாம் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன்.

புண் பழுத்துவிட்டது. பதுளைக்குக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் செத்த தோலை வெட்டி எடுக்க எடுக்க, அக்கா பஸ்ஸில் சண்டை போட்ட கண்டக்டரைப் பற்றி என்னிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். டொக்டரின் கை நின்றது.

"உங்களுக்கு நோகேல்லையோ?"

"இல்லீங்க டொக்டர், இது நல்ல காலு. அந்தக் காலுதான் இழுக்குது."

டொக்டர் ஊசி முனையால் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தார். ஐஸ் வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு கால் இழுக்குது, மற்றக் காலுக்குச் சூடும் நோவும் தெரியேல்ல. ரெண்டுக்கும் ஒரே வருத்தம்தான் காரணம், பிள்ளை. பிழை காலில இல்லை, முதுகில."

கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்குள் போகும் தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறதாம். எந்த அடியும் படாமல் தானாகவே அதில் ஓட்டை விழுந்து, தண்டுவடம் அதற்குள் பிதுங்கி மாட்டியிருந்தது. மிக அபூர்வமான வியாதி என்றார்கள். ஆபரேஷன் செய்து அதை விடுவித்து, ஓட்டையை அடைக்க வேண்டும். அப்படியே விட்டால் இரண்டு காலும் மெல்ல மெல்லப் போய்விடலாம். ஆபரேஷனிலும் அந்தப் பயம் உண்டு.

அம்மா வேண்டாம் என்று அழுதாள். "அம்மன் பாத்துக்குவாடி."

"அவதாம்மா பாத்து, சுட்டு, டொக்டர்கிட்ட அனுப்பியிருக்கா" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "ரெண்டு காலும் போயிட்டா நீதான் தூக்கணும். இன்னைலேருந்தே சோத்தக் கொறச்சிக்கிறேன்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில நாளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தாள். கால் இழுக்கவில்லை. வீட்டுக்கு வர இருந்த காலையில் திடீரென்று மூச்சடைத்தது. இரத்தக்கட்டி ஒன்று நுரையீரலில் போய் அடைத்துவிட்டதாம். காப்பாற்ற முடியவில்லை.

"வெட்டாம விட்டிருந்தா நொண்டிக்கிட்டாவது இருந்திருப்பா" என்று லயத்தில் சொல்கிறார்கள். இருந்திருப்பாளோ என்னவோ. ஆனால் பிழை முதுகில் என்று டொக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். "அப்ப நான் நடிக்கலடா" என்றாள். அதுவரை தன் காலைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள் என் அக்கா.

இப்போது யாராவது உடம்புக்கு முடியவில்லை என்றால் நான் ஒன்றும் கேட்காமல் நம்பிவிடுகிறேன். இதை வாசிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், ஜெயந்தி என்று பெயர் சொல்லி எங்கள் அக்காவுக்காக ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள்.