சும்மாதான் இருக்கா

எங்கள் வீதியில் 'சும்மா' என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது. திருப்பூரில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள் அவை. காலை எட்டரைக்கு மேல் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஆள் ஒன்று நோயாளி, இல்லையென்றால் சோம்பேறி. புதிதாக யாரைப் பார்த்தாலும் பேரைக்கூடக் கேட்கமாட்டார்கள், "எந்தக் கம்பெனிங்க?" என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சாயத் தண்ணீர் கலந்த நொய்யல் ஆற்றில் இன்னும் எந்தப் பூச்சிகள் உயிரோடு இருக்கின்றன என்பது என் ஆய்வு. இதைக் குழாயடியில் எப்படிச் சொல்வது? ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டும் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னும் படிச்சுட்டா இருக்கற கண்ணு? அதும் பூச்சியவா?" என்று கேட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளிலிருந்து அந்த அக்கா உட்பட யார் கேட்டாலும், "படிப்ப விட்டாச்சுங்க, இப்ப கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார், மறுக்கவில்லை. பொய்யை ஆரம்பித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பழி அப்பாமேல் போய்விடக் கூடாது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அம்மா எப்போதோ போய்விட்டாள். என் ஆய்வுக்காக அவர் இரண்டு வருடம் தினமும் ஒன்றரை ஷிப்ட் நின்றார். நின்றே செய்யும் வேலை அது. கால் நரம்புகள் சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்துவிட்டன. இனி ஒரு ஷிப்டுக்கு மேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே என் படிப்பும் ஆட்டம் கண்டுவிட்டது.

அப்போதுதான் என் நெறியாளர், முழுநேர ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார். "இது கிடைச்சா நீ முடிச்சிடலாம்மா. அடுத்த வருஷம் உனக்கு வயசு தாண்டிடும். இந்த ஒரு தடவைதான்" என்றார். ஓடி ஓடி எல்லாத் தாள்களையும் சேர்த்தேன். ஒன்றே ஒன்று பாக்கி. நான் எங்கும் வேலை பார்க்கவில்லை என்று வருவாய்த் துறை தரும் சான்றிதழ். தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தபோது, வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பார் என்றார்கள். வரட்டும் என்று இருந்துவிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவில்லை. நான் படித்த லட்சணம் அவ்வளவுதான்.

ஆள் வந்த பகலில் நான் ஆற்றங்கரையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கால்வலி என்று லீவு போட்டு வீட்டில் இருந்திருக்கிறார். வந்தவர், "ஏனுங்க, உங்க பொண்ணு வேலைக்கு எதும் போகாம ஊட்டுல சும்மாதான இருக்குதுங்க?" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் அப்பாவே பெருமை பொங்க என்னிடம் சொன்னார்.

"எம்மவ சும்மா இருக்காளான்னு கேக்கான். விடுவனா? பெரிய கம்பெனியில சூப்பர்வைசர்னு சொல்லிட்டேன். பிசிறு வெட்டுத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஆமாங்கன்னுச்சு. மூச்சுக் காட்டாம எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "உங்கள யாரு பேசச் சொன்னா? என் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். அவருக்கு விஷயம் விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுத பிள்ளைய, சும்மா இருக்கான்னு எந்த வாயால சொல்லுவேன் தாயி?" என்றார்.

மறுநாள் காலை அந்த அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்பே அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். தானே தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. உள்ளே போகிறவர், வருகிறவர், டீ கொண்டு வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "சார், எம்மவ சும்மாதான் இருக்கா சார். ஒரு வேலைக்கும் போவல. வீட்ல சும்மாதான் கெடக்கா சார்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து சூப்பர்வைசருங்க, இன்னைக்குச் சும்மாங்களா? காசு வருதுன்னா புள்ளயவே மாத்திச் சொல்லுவீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

மறு விசாரணைக்கு மனு எழுதிக் கொடுத்தேன், நெறியாளரும் கடிதம் கொடுத்தார். விசாரணை முடிந்து சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. அதை இன்னும் கிழித்துப் போடவில்லை. நான் எந்த வேலையும் பார்க்கவில்லை என்று முத்திரையோடு சொல்கிறது.

அடுத்த மாதம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் காலை வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல, "கம்பெனிக்கா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். முதல் தடவையாக அது உண்மை. வாசல்வரை வந்திருந்த அப்பா, காதில் விழாதவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.