நிஷா டீச்சரும் பூட்டிக்கிடந்த டேப்லெட்டுகளும்

மணமேல்குடிக்குப் பக்கத்தில், கடலோரத்து ஊர் ஒன்றில், உள்ளூர் அறக்கட்டளை நடத்தும் நடுநிலைப் பள்ளியில் ரஹ்மத் நிஷா கணினி ஆசிரியை. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். கணவர் வளைகுடாவில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். மகள் தவழும் வயதில் இருந்தபோது நிஷா அஞ்சல் வழியில் பி.சி.ஏ. சேர்ந்தாள். புகுந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவள் சண்டையும் போடவில்லை, அழவும் இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படித்தாள், தேர்வு வந்தால் பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வந்தாள். அவள் பட்டம் வாங்கியபோது, இவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று மாமியாரே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி பீரோவைத் திறந்தவளுக்கு ஆச்சரியம். அடுக்கடுக்காக டேப்லெட்டுகள். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்காக வாங்கி அனுப்பியவை. சார்ஜ் போட்டாள், திரை ஒளிர்ந்தது. மொழி கேட்டது, வைஃபை கேட்டது, அதோடு நின்றுவிட்டது. முன்பு இதில் இருந்த கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடு என்றது. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே அப்படித்தான் கேட்டன.

தலைமையாசிரியை இன்னாசியம்மாள்தான் கதையைச் சொன்னார். அறிவியல் ஆசிரியர் பாலாஜி தன் பொறுப்பில் ஒரு கணக்கு உருவாக்கி, எல்லா டேப்லெட்டையும் அதில் சேர்த்து வைத்திருந்தாராம். ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. சாவி அவரிடம் இருந்ததால் பழியும் அவர்மேல் விழுந்தது. தாளாளர் கண்ணுசாமி எல்லார் முன்னாலும் அவரைத் திருடன் என்றார். அன்றே வேலையை விட்டுவிட்டு பாலாஜி சொந்த ஊரான ஆலங்குடிக்குப் போய்விட்டார். அவர் வைத்ததெல்லாம் அழியட்டும் என்று தாளாளர் யாரையோ கூப்பிட்டு டேப்லெட்டுகளில் இருந்ததையெல்லாம் துடைத்தழிக்கச் சொன்னார். துடைத்ததும் பழைய கணக்கைக் கேட்டு எல்லாம் பூட்டிக்கொண்டன.

கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் செய்கிறவர் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்றார். நிஷாவுக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பொருளை எதற்குத் திருட்டுச் சாமான் மாதிரி உடைக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடிக்குப் பஸ் ஏறினாள்.

பாலாஜி வீட்டிலேயே டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், காபி வந்தது. விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகிவிட்டது.

"என்னையத் திருடன்னு சொல்லி அனுப்புனாங்க. இப்பத் திருடன்கிட்டயே சாவி கேட்டு அனுப்பியிருக்காங்களா டீச்சர்?"

"யாரும் அனுப்பல சார். நானாத்தான் வந்தேன்."

நிஷா கெஞ்சவில்லை. காபியைக் குடித்துவிட்டு, காணாமல் போனதையும் யாராவது துடைத்தார்களா என்று கேட்டாள். அதுதான் கையிலேயே இல்லையே, எப்படித் துடைப்பது என்றார்.

"அப்ப அது இன்னும் ஒங்க கணக்குலதான் இருக்கும் சார். தொறந்து பாருங்க, எங்கிட்டு இருக்குன்னு அதுவே காட்டும்."

அந்தக் கணக்கைத் திறக்கவே கை கூசியது என்றார் பாலாஜி. அவமானத்தோடு வந்தவர், அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் போனை எடுத்தார். கணக்கில் ஒரே ஒரு டேப்லெட் மிச்சமிருந்தது. முந்தின நாள்கூட யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். வரைபடத்தைப் பெரிதாக்கினார். புள்ளி நின்ற இடம் தாளாளரின் வீடு.

பாலாஜி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கண் கலங்கியிருந்தது. அவரே தன்னோடு பள்ளிக்கு வந்து தாளாளரிடம் காட்டலாமே என்று நிஷா கேட்டாள். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். அப்படியானால் தாளாளரே உங்களைக் கூப்பிடும்படி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பி வரும் வழியெல்லாம் வேலையைப் பற்றிய யோசனைதான். அவள் இன்னும் தற்காலிக ஆசிரியைதான். வேலையை நிரந்தரம் செய்கிறவரும் அதே கண்ணுசாமிதான்.

மறுநாள் அவர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, பார்த்ததைச் சொன்னாள். கண்ணுசாமி முதலில் கத்தினார். பிறகு சத்தம் அடங்கியது. நன்கொடை தந்தவர்களிடம் காட்ட எடுத்துப் போனதாம், பேத்தி கையில் அப்படியே தங்கிவிட்டதாம். எண்ணிப் பார்த்தபோது அது அவர் நினைவிலேயே இல்லை. நினைவு வந்தபோது பாலாஜி போய்விட்டிருந்தார். வெளியே சொல்ல வெட்கம். அன்று சாயங்காலமே டேப்லெட் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளச் சொன்னார்.

"முடியாதுங்கய்யா. எல்லாரு முன்னாலயும் சொன்னது. எல்லாரு முன்னாலயும்தான் திருப்பி வாங்கணும்."

வேலையை நினைத்துப் பேசும்படி அவர் எச்சரித்தார். நினைத்துத்தான் பேசுகிறேன் என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிஷாவும் விடவில்லை. வாரா வாரம் ஆசிரியர் கூட்டத்தில், டேப்லெட் பாடம் எப்போது என்று தாளாளர் கேட்காவிட்டாலும் அவளே எழுந்து, பாலாஜி சார் வந்தால்தான் முடியும் என்று சொல்லி உட்கார்ந்தாள். மற்றவர்களுக்குக் காரணம் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. ஒரு கூட்டம் முடிந்ததும் அங்கேயே போனை எடுத்து ஆலங்குடிக்குப் பேசினார்.

பாலாஜி வந்தார். டேப்லெட் என் வீட்டில்தான் இருந்தது, நான் சொன்னது பொய்ப்பழி, மன்னித்துவிடுங்கள் என்று கண்ணுசாமி தலையைக் குனிந்தபடி எல்லார் முன்னாலும் சொன்னார். இன்னாசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலாஜி நிஷாவைப் பார்த்து, பீரோ சாவி எங்கே என்று மட்டும் கேட்டார்.

மதியம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். தன் கணக்கை எல்லாவற்றிலிருந்தும் நீக்கினார். நிஷா பள்ளியின் பெயரிலேயே ஒரு கணக்கு தொடங்கி, அதை மீட்கும் வழியை அலுவலக போனிலும் தலைமையாசிரியையிடமும் சேர்த்து வைத்தாள். இனி யார் போனாலும் யார் வந்தாலும் பிள்ளைகளுக்குப் பூட்டு விழாது. வேலைக்குத் திரும்ப வரும்படி கேட்டார்கள். பாலாஜி மறுத்துவிட்டார். வாசலில் நிஷாவிடம் நின்று, இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வருஷம் நிஷாவின் வேலை நிரந்தரமாகவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது டேப்லெட்டில் கடல் மீன்களைப் படம் பிடித்துப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.