திறந்து பார்த்துச் சரி போட்ட உயிர்

1. மூன்றாவது சாவு

மூன்றாவது கண்ணாடிக் குழாயும் குமிழி விடுவதை நிறுத்திய அன்று, பதிவேட்டில் அது 'சரி' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கையொப்பம்: தலைமைக் கிளார்க் தம்பையா.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கழிவுநீர்த் தொட்டிச் சேற்றிலிருந்து, மீத்தேன் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றை எட்டு மாதம் மாரடித்துத் தனியே பிரித்திருந்தேன். மைக்ரோஸ்கோப்பில் நாலு நாலாகக் கட்டிவைத்த பொட்டலங்கள் மாதிரி இருக்கும். சீனி கொடுத்தால் சீந்தாது. வினாகிரிக் காடியில் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தால் மூன்று வாரம் யோசித்துவிட்டுக் குமிழி விடும். அந்த வாயுவைப் பிடித்துப் பற்றவைத்தால் நீலச் சுடர். எங்கள் கழிவுநீர் இலாகாக் கந்தோரில் ஓசையில்லாமல் வேலை செய்தது அது ஒன்றுதான்.

அதற்கு ஒரே பகை, காற்று. கந்தோருக்கு ஒரே பக்தி, ஆய்வுகூடச் சாமான் ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறை திறந்து பார்த்துச் சரி போடுவது.

"காத்துப் பட்டால் செத்துப்போகும் சேர்," என்றேன்.

தம்பையா வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறவர். "காத்துப் பட்டால் சாகிறதெண்டால் அதென்ன உயிர் ஐசே? திறக்காமல் நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

திறந்தார். முகர்ந்தார். ஐயம் தீரக் குலுக்கியும் பார்த்தார்.

2. தாய் வீடு

மூன்றாவது சாகுமுன் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊன்றிய நாலாவது குழாய் ஒன்றுதான் மிச்சம். புதிய இனமா என்று பார்த்துச் சொல்ல லண்டனில் ஒரு நிபுணர் காத்திருந்தார். கப்பலுக்குப் பத்து நாள். தம்பையாவின் அடுத்த சோதனைக்கு நாலு நாள். குழாய் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை; ஆய்வுகூடத்தில் அவர் கண்ணில் பட்டால் ஏற்றித் திறந்துவிடுவார்.

தொட்டியில் சேறு வாரும் காசிம் நானா, கொட்டாஞ்சேனைக்காரர், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அது பொறந்தது எங்க மாஸ்டர்?"

"உங்கட தொட்டியிலதான்."

"அப்ப தாய் ஊட்டுக்கே அனுப்புங்களேன். அங்க எந்தத் தொர வந்து மூக்க நீட்டப்போறாரு?"

மெழுகால் வாயடைத்த குழாயைக் கம்பியில் கட்டித் தொட்டி மூடிக்குக் கீழே இறக்கினோம். இளஞ்சூடு, இருட்டு, பதிவேடு கிடையாது. சோதனையன்று தம்பையாவிடம் செத்த குழாயை நீட்டினேன். திறந்து, குலுக்கி, 'சரி' போட்டார். பத்தாம் நாள் உயிருள்ளதைத் துறைமுகத்தில் கப்பல் டாக்டரின் கையிலேயே கொடுத்தேன்.

3. விளக்கம் கோரல்

லண்டனிலிருந்து கடிதம் வந்தது: உயிருடன் கிடைத்தது, இதுவரை யாரும் விவரித்திராத இனம்.

தம்பையா இரண்டு தரம் வாசித்தார். "புத்தகத்தில இல்லாத சாமான் எப்பிடி ஐசே கப்பலேறினது?"

"கால் முளைச்சிருக்கும் சேர்."

அந்த வாய்க்காகவும் சேர்த்து விளக்கம் கேட்டார்கள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. நான் மாற்றலாகிப் போன அன்றும் செத்த குழாய் அலமாரியில் இருந்தது. அந்த மாதமும் திறந்து பார்த்துச் 'சரி' போட்டிருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: செத்ததைப் பதிவேட்டுக்குக் கொடுங்கள். உயிருள்ளதைக் கம்பியில் கட்டி இறக்கிவிடுங்கள்.